இறந்தவர் எழுதிய கடிதம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கு வந்த 2014 கையேட்டை வைத்துப் பாத்திரம் உருவாக்கும்போது, அதன் பழைய வாழ்க்கையைச் சொல்லும் பின்புலமாக 'சேஜ்' (அறிஞர்) என்பதை எடுத்தால், தொடக்கத்திலேயே சில பொருட்கள் கைக்கு வரும். ஒரு புட்டி கறுப்பு மை, ஓர் இறகுப் பேனா, ஒரு சின்னக் கத்தி, சாதாரண உடை ஒரு ஜோடி, பையில் 10 பொற்காசு. இவற்றோடு ஒரு கடிதம். இறந்துபோன சக அறிஞர் ஒருவர் எழுதியது. அதில் அவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பாத்திரத்தால் இன்னும் விடை காண முடியவில்லை. அவர் யார், எப்படி இறந்தார், என்ன கேட்டார் என்று கையேடு சொல்வதில்லை. விளையாடுபவர் அந்த வரியைப் பாத்திரத்தின் விவரத்தாளான ஷீட்டில் எழுதிக்கொள்கிறார். லெவல் 1-ல் எழுதிய வரி லெவல் 10 வந்த பிறகும் அங்கேயே கிடக்கிறது. எத்தனையோ மேசைகளில் அந்தக் கடிதத்தை ஒருவரும் பிரித்துப் படிப்பதே இல்லை.

நெடுநாளாக எனக்கு இது உறுத்தல். அதே மேசையின் இன்னொரு முனையில், கதையை நடத்தும் டி.எம். (டன்ஜன் மாஸ்டர்) உட்கார்ந்து தவித்துக்கொண்டிருக்கிறார். விளையாடும் நால்வரும் சுரங்கத்துக்குப் போவார்கள் என்று நம்பி 3 மணி நேரம் செலவழித்து வரைபடம் போட்டு வைத்திருந்தார். அவர்கள் படகேறிப் போகப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். ஆற்றைப் பற்றி அவரிடம் ஒரு வரிகூட இல்லை. இந்த நேரத்துக்கென்று எல்லோரும் சொல்லும் அறிவுரை, "பயப்படாதே, மனசுல தோணினதைச் சொல்லு." இந்த அறிவுரையோடு எனக்கு உடன்பாடு கிடையாது. பதற்றத்தில் மனதில் தோன்றுவது பெரும்பாலும் ஏற்கெனவே நூறு முறை தோன்றியதுதான்: வழிப்பறிக் கொள்ளையர்கள், முகமூடி போட்ட அந்நியன், தீப்பற்றும் விடுதி. யாருடைய மேசையிலும் நடக்கக்கூடிய காட்சிகள் இவை. இந்த நால்வருக்கு மட்டுமே நடக்கக்கூடிய காட்சி வேண்டுமென்றால் அந்த நால்வரின் ஷீட்டைத்தான் திறக்க வேண்டும்.

கச்சேரியில் நிரவல் கேட்டவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். நிரவலில் பாடகர் புதிதாகச் சாகித்தியம் எதுவும் எழுதுவதில்லை. வாக்கேயக்காரர் எழுதிவிட்டுப் போன ஒற்றை வரியை எடுத்துக்கொள்கிறார். சொற்கள் தாளத்தில் விழும் இடம் பெரும்பாலும் குலையாதபடி அதையே திரும்பத் திரும்ப விரித்துப் பாடுகிறார். மனோதர்மம் என்று பெயர் இருந்தாலும் காலுக்கு அடியில் ஒரு வரி இருக்கிறது. மேசையில் அந்த வரியை விளையாடுபவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பாடாமல் வேறு பாட்டுக்குத் தாவுவதுதான் பிழை.

தோல்வி என்று நினைக்கப்பட்ட ஒரு மாலை

இந்த விளையாட்டு பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1969-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி தன் போர் விளையாட்டு நண்பர்களுக்காக 'பிரௌன்ஸ்டைன்' என்று ஒன்றை நடத்தினார். நெப்போலியன் காலம், கற்பனையான ஒரு ஜெர்மன் ஊர். படைகளை நகர்த்துவதோடு நிறுத்தாமல் மேயர், வங்கிக்காரர், பல்கலைக்கழக வேந்தர் என்று தனி ஆட்களாகவும் சிலருக்குப் பாத்திரம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம். விளையாட்டு தொடங்கியதும் அவர் கட்டுப்பாட்டை விட்டு எல்லாம் ஓடிவிட்டது. ஆளுக்கு ஆள் தனியே பேசிச் சதி செய்தார்கள். இரண்டு பேர் வந்து, நாங்கள் ஒருவரை ஒருவர் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு அழைத்துவிட்டோம் என்றார்கள். அதற்கு விதியே கிடையாது. வெஸ்லி அந்த இடத்திலேயே விதி உண்டாக்க வேண்டியதாயிற்று. எல்லாம் குழப்பம், இந்த முயற்சி தோல்வி என்று அவர் முடிவு கட்டினார். விளையாடியவர்களோ இன்னொன்று நடத்துங்கள் என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த டேவ் ஆர்னெசன் அதே வழியில் 'பிளாக்மூர்' உலகத்தைத் தொடங்கினார். அவரும் கேரி கைகாக்ஸும் சேர்ந்து 1974-ல் கொண்டுவந்ததுதான் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'.

அந்த இருவரின் சண்டையை வெஸ்லி திட்டமிடவில்லை, அவர்களும் வெறுமையிலிருந்து அதை எடுக்கவில்லை. ஒருவனுக்கு ஒரு பதவி, இன்னொருவனுக்கு ஒரு நோக்கம், இரண்டும் உரசின. நடத்துபவர் செய்ய வேண்டியிருந்தது, உரசும்போது பகடையை எடுத்துக்கொண்டு அருகில் இருப்பது மட்டுமே. பிற்கால விளையாட்டுகள் பல இதை விதியாகவே எழுதிக்கொண்டன. 'பர்னிங் வீல்' விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நம்பிக்கைகள் எழுதப்படுகின்றன. நடத்துபவரின் வேலை அவற்றைச் சோதிப்பது. 'ஃபேட்' விளையாட்டில் பாத்திரத்தின் தொல்லையை நடத்துபவர் கிளப்பினால் விளையாடுபவருக்கு ஒரு ஃபேட் பாயிண்ட் கிடைக்கும், மறுத்தால் ஒன்றைக் கொடுக்க வேண்டும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் இப்படிக் கட்டாயம் இல்லாததால் ஷீட் தூங்குகிறது.

அட்டையில் 16 கட்டம்

அமர்வுக்கு முன் 20 நிமிடம் போதும். ஒரு அட்டையில் நான்கு வரிசை, நான்கு பத்தி. வரிசைக்கு ஒரு பாத்திரம். பத்திகள்: ஆள், பொருள், கை, ஆசை.

ஆள் என்றால் அந்தப் பாத்திரத்தோடு உறவோ பகையோ கடனோ உள்ள ஒருவர். ஷீட்டில் இல்லாவிட்டால் 2014 கையேட்டின் பின்புலமே கொடுத்துவிடும். 'கிரிமினல்' எடுத்தவருக்கு ஒரு கள்ளத் தொடர்பு உண்டு, 'அகோலைட்' (கோயில் ஊழியர்) எடுத்தவருக்குக் கோயில் அடைக்கலம் தரும், 'ஃபோக் ஹீரோ'வை எளிய ஜனங்கள் ஒளித்து வைப்பார்கள். பொருள் என்றால் ஆயுதமும் கவசமும் அல்ல, பட்டியலின் கடைசியில் கிடப்பவை. 'சோல்ஜர்' கையில் செத்த எதிரியிடமிருந்து எடுத்த ஒரு நினைவுப் பொருள் இருக்கிறது. 'அர்ச்சின்' (தெருவில் வளர்ந்த பிள்ளை) கையில் வளர்ந்த ஊரின் வரைபடமும் ஒரு எலிக்குட்டியும் பெற்றோர் நினைவாக ஒரு சாமானும் இருக்கின்றன. 'அகோலைட்' பையில் 5 ஊதுவத்தி இருக்கிறது. இவை ஒவ்வொன்றும் ஒரு காட்சிக்குத் தாங்கும்.

கை என்பது திறமை. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வகுப்பு, அதாவது பாத்திரத்தின் தொழில், தானாகக் கொடுத்ததை எழுதக் கூடாது, விளையாடுபவர் தேர்ந்தெடுத்ததை எழுத வேண்டும். ரோக் (திருடன்) எல்லோருக்கும் பூட்டுத் திறக்கும் கருவி உண்டு, அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஆனால் எத்தனையோ மந்திரங்களை விட்டுவிட்டு ஒருவர் 'ஸ்பீக் வித் அனிமல்ஸ்' எடுத்திருந்தால், எனக்கு விலங்குகளோடு பேச வேண்டும் என்று அவர் எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். அந்த அமர்வில் ஒரு நாயாவது எதையாவது பார்த்திருக்க வேண்டும். மாங்க் (வெறுங்கையால் போரிடும் துறவி) லெவல் 3-ல் பறந்து வரும் அம்பைக் கையால் பிடிக்கக் கற்கிறான். டி.எம். பலர் இதைத் தெரிந்துகொண்டதும் மாங்க்மேல் அம்பு விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய கொடுமை. அவன்மேல்தான் முதல் அம்பு வர வேண்டும்.

ஆசை கட்டத்துக்கு 2014 கையேடு பெரிய உதவி செய்தது. குணம் இரண்டு, இலட்சியம், பிணைப்பு, குறை தலா ஒன்று என்று பின்புலத்தோடு அச்சடித்தே கொடுத்தார்கள். 2024 கையேட்டின் பின்புலங்களில் அவை இல்லை. எனக்கு இதில் வருத்தம்தான். புதிய கையேட்டை வைத்து ஆடும் மேசைகளில் முதல் அமர்வுக்கு முன் ஆளுக்கு மூன்று கேள்வி கேட்டு வாங்கிக்கொள்ளலாம்: "உனக்கு யாராவது கடன்பட்டிருக்காங்களா? எந்த ஊருக்குத் திரும்பப் போகவே மாட்டே? யார் சொன்னா மறுபேச்சு இல்லாம கேப்பே?" பதில் ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. மூன்று பக்கம் கதை எழுதி வருபவரும் இரண்டு வரி எழுதி வருபவரும் அட்டையில் நான்கு கட்டம்தான் பெறுவார்கள். அட்டையின் உண்மையான பயன் அதுதான். எழுதப் பிடிப்பவருக்கே எல்லாக் காட்சியும் போய்ச் சேர்வது ஷீட்டை வைத்து ஆடும் மேசைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் அநியாயம்.

அட்டையின் பின்பக்கத்தில் பத்துப் பெயர்கள், பயன்படுத்தியதும் அடித்துவிடுவதற்கு. மூன்று எதிரி விவரங்கள். இவ்வளவுதான் தயாரிப்பு. 3 மணி நேர அமர்வில் 16 கட்டத்தில் நான்கைந்துதான் செலவாகும், மிச்சம் அடுத்த வாரத்துக்கு.

ஆற்றங்கரையில்

அந்தப் படகுக்குத் திரும்புவோம். லெவல் 3, நான்கு பேர்: 'சோல்ஜர்' பின்புலத்தில் ஃபைட்டர் (போர்வீரன்), 'சேஜ்' விசர்ட் (மந்திரவாதி), 'கிரிமினல்' ரோக், 'அகோலைட்' கிளெரிக் (பூசாரி). சுரங்கத்தை விட்டுவிட்டுப் படகேறப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். டி.எம். இங்கே செய்யக்கூடிய மிக நல்ல காரியம், டீ குடிக்க 5 நிமிடம் இடைவேளை விடுவது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் அட்டையைப் பார்த்து இரண்டு கட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று வழியைத் திறப்பது, ஒன்று வழியை மறிப்பது. இரண்டும் ஒரே பாத்திரத்தின் கட்டங்களாக இருக்கக் கூடாது.

திறப்பதற்கு அந்த 5 ஊதுவத்தியை எடுப்போம். படித்துறையில் படகுகள் கட்டிக் கிடக்கின்றன, ஒன்றும் கிளம்பவில்லை. நேற்று இரவு ஒரு படகோட்டி இறந்துவிட்டான். சடங்கு செய்ய ஆள் இல்லை, செய்யாமல் ஆற்றில் இறங்க மற்றவர்கள் தயாராக இல்லை. டி.எம். இதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். கிளெரிக்கை நோக்கிக் கைகாட்டக் கூடாது. அவர் தன் ஷீட்டைப் பார்த்து, "என்கிட்ட ஊதுவத்தி இருக்கே" என்று தானே சொல்லும் கணத்துக்காகத்தான் இவ்வளவும். சொல்லிவிட்டால் பகடை உருட்டச் சொல்லக் கூடாது. ஒரு வத்தியை அடிக்கச் சொல்லிவிட்டுச் சடங்கை நடக்கவிட வேண்டும். படகு கிடைத்துவிட்டது. ஷீட்டில் 4 வத்தி மிச்சம்.

மறிப்பதற்கு ஃபைட்டரின் நினைவுப் பொருள். படகுத் தலைவன் அவன் இடுப்பில் தொங்கும் உடைந்த வாளைப் பார்த்துப் பேச்சை நிறுத்துகிறான். இப்போது டி.எம். ஃபைட்டரிடம் கேட்கிறார்: "அந்த வாளை எந்த ஊர்ச் சண்டையில எடுத்தே? அதோட சொந்தக்காரன் சாகறதுக்கு முன்னாடி என்ன சொன்னான்?" என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விதான் அமர்வு திரும்பும் இடம். இதற்கு முன் மேசையில் இருந்தது டி.எம். சமாளிக்கும் ஓர் ஆறு. பதில் வந்த பிறகு அது ஃபைட்டரின் பழைய பாவம் ஓடும் ஆறு. "அவன் சரணடைஞ்சிட்டான், நான் கவனிக்கல" என்று அவர் சொன்னால், மறுகரையில் காத்திருப்பவர்கள் யார் என்பது முடிவாகிவிட்டது. டி.எம். அதைக் கண்டுபிடிக்கவில்லை, கேட்டு வாங்கியிருக்கிறார்.

கேள்வியின் வடிவத்தைக் கவனியுங்கள். "ஆத்துல என்ன இருக்கு, நீயே சொல்லு" என்று கேட்டால் பெரும்பாலோர் விறைத்துப் போவார்கள். அது டி.எம்.-இன் சுமையை இறக்கி அவர்கள் தலையில் வைப்பது. கேள்வி குறுகலாக இருக்க வேண்டும், பாத்திரம் ஏற்கெனவே அறிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும், பாதி உண்மையை டி.எம். முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். வாள் இருக்கிறது, ஒருவன் செத்திருக்கிறான். மிச்சத்தை மட்டும் நிரப்பு. இன்னொன்று: பாத்திரம் என்ன உணர்ந்தது, ஏன் செய்தது என்பதை டி.எம். ஒருபோதும் சொல்லக் கூடாது. "நீ பயந்துபோய் அவனைக் குத்திட்டே" என்று சொன்ன நொடியில் அந்தப் பாத்திரம் கைமாறிவிடுகிறது.

மறுகரைக்காரர்களுக்குப் புது எண்கள் வேண்டாம். 2014 எதிரிப் பட்டியலில் உள்ள 'தக்' (அடியாள்) அப்படியே போதும்: ஆர்மர் கிளாஸ் (அவன்மேல் அடி பட எட்ட வேண்டிய எண்) 11, ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) 32, தாக்க உருட்டலில் +4, ஒரு சுற்றில் இரண்டு அடி. கதாயுதத்தைத் துடுப்பு என்று சொல்லிவிட்டால் படகுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். நான்கு பேர் வந்தால் 400 எக்ஸ்.பி. (அனுபவப் புள்ளி), எதிரிகள் பலர் என்பதற்காக 2-ஆல் பெருக்கினால் 800. லெவல் 3 நால்வருக்கு 2014 கணக்கில் நடுத்தரச் சண்டை 600, கடினச் சண்டை 900. பொருத்தமான எடை. ஆற்றில் விழுந்தால் நீந்த டி.சி. (உருட்டி எட்ட வேண்டிய எண்) 15, பாறையில் மோதினால் 1டி10, அதாவது ஒரு பத்து முகப் பகடை அளவு, சேதம். எண்களில் மூளையைச் செலவழிக்காமல் இருந்தால்தான் முகங்களில் செலவழிக்க முடியும். எளிது 10, நடுத்தரம் 15, கடினம் 20 என்ற மூன்று டி.சி.-க்கு மேல் ஓர் அமர்வில் தேவைப்படுவது அபூர்வம்.

ரோக்கின் கள்ளத் தொடர்பு இந்த அமர்வில் வராமலே போகலாம். போகட்டும். நால்வரின் பழைய வாழ்க்கையும் ஒரே படகில் வந்து ஏறினால் அந்த உலகம் ஒரு தெரு அளவுக்குச் சுருங்கிவிடும். தற்செயல் ஓர் அமர்வுக்கு ஒன்றுதான். யாருடைய கட்டம் தொடப்படவில்லை என்று அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்த அமர்வை அவரிடமிருந்து தொடங்கினால் கணக்கு நேராகிவிடும்.

எங்கே கெட்டுப்போகிறது

இந்த முறையில் மிகப் பெரிய சேதம், ஷீட்டில் இருக்கும் அன்பை ஆயுதமாக்குவது. தங்கை என்று எழுதினால் தங்கையைக் கடத்துகிறார்கள், குரு என்று எழுதினால் குருவைக் கொல்கிறார்கள். இரண்டு முறை இப்படி நடந்தால், அடுத்த கேம்பெய்னில் (பல அமர்வுகள் நீளும் தொடர்கதையில்) எல்லோரும் அப்பா அம்மா இல்லாத, ஊர் பெயர் இல்லாத அநாதைகளோடு வந்து உட்காருவார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவதில் நியாயமில்லை; எழுதினால் வலிக்கும் என்று நாம்தான் கற்றுக்கொடுத்திருக்கிறோம். ஷீட்டிலிருந்து எடுப்பதில் மூன்றில் இரண்டு பாத்திரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது என் கணக்கு: தங்குமிடம், செய்தி, கடன், ஒரு வேளைச் சோறு. தங்கை கடிதம் எழுதட்டும், பணம் அனுப்பட்டும், கல்யாணத்துக்குக் கூப்பிடட்டும். பலமுறை உதவிய பிறகு அவளுக்கு ஆபத்து வந்தால் மேசையில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், அவளுடைய அண்ணன் மட்டுமல்ல. உண்மை வாழ்க்கையின் காயத்தைப் பாத்திரத்துக்குள் வைத்திருப்பவர்களும் உண்டு. ஆகவே எதைத் தொடவே கூடாது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே கேட்டுவிட வேண்டும், நடுவில் யாராவது நிறுத்தச் சொன்னால் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும்.

துப்பறியும் கதையில் இந்த முறை வழுக்கும். விளையாடுபவர்கள் ஊகிப்பதைக் கேட்டுவிட்டு, அது நன்றாக இருக்கிறதே என்று குற்றவாளியை மாற்றும் ஆசை வரும். மாற்றக் கூடாது. யார் செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்பது அமர்வுக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். தடயம் யார் வழியாகக் கிடைக்கிறது என்பதை மட்டும் ஷீட்டிலிருந்து எடுக்கலாம். மாற்றினால் அவர்கள் கண்டுபிடித்தது எதுவும் கண்டுபிடிப்பு ஆகாது. அது அவர்களுக்குத் தெரியாமல் போனாலும் ஏமாற்றுதான்.

மூன்றாவது, மறதி. அந்தக் கணத்தில் சொன்னதை எழுதாமல் விட்டால் அடுத்த வாரம் படகுத் தலைவனுக்கு வேறு பெயர் வரும், உடைந்த வாள் கத்தியாகிவிடும். அட்டையில் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து சொல் போதும்: "படகுத் தலைவன், வாளைக் கண்டான், பேசவில்லை." ஓடும்போதே எழுத முடியாதவர்கள் மேசையில் ஒருவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுக்கலாம். அவர் எழுதுவது பெரும்பாலும் டி.எம். எழுதுவதைவிட நன்றாகவே இருக்கும், அவருக்குப் பிடித்ததைத்தான் அவர் எழுதுவார் என்பதால்.

குறையை வைத்துத் தண்டிப்பது இன்னொரு பழக்கம். சூதாட்டப் பித்து என்று எழுதியவர் சூதாடும்போதெல்லாம் பணத்தைப் பறித்தால் அவர் இனிமேல் சூதாட மாட்டார். சில நேரம் அவர் ஜெயிக்க வேண்டும், ஜெயித்த பணத்தால் தொல்லை வர வேண்டும். 2014 விதியில் இன்ஸ்பிரேஷன் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான். பாத்திரத்தின் குணத்துக்கு உண்மையாக நடந்துகொண்டால் டி.எம். கொடுக்கலாம், அதைச் செலவழித்து ஓர் உருட்டலை இரண்டு பகடையில் உருட்டி நல்லதை எடுத்துக்கொள்ளலாம். பல மேசைகளில் யாருக்கும் கொடுக்க நினைவிருப்பதில்லை. ஐந்து புளியங்கொட்டையை மேசை நடுவில் வைத்துவிட்டால் நினைவு தானாக வரும்.

விசர்ட்டின் கடிதத்தை நான் மறக்கவில்லை. அதை முதல் அமர்விலேயே திறக்கக் கூடாது. முதலில் கடிதத்தின் உறையை மட்டும் தொட வேண்டும்: படகில் ஒரு பயணி அந்த முத்திரையைப் பார்த்து, "இவரை எனக்குத் தெரியுமே, எப்படி இருக்கார்?" என்று கேட்கட்டும். இறந்துவிட்டார் என்று விசர்ட் தன் வாயால் சொல்லட்டும். இரண்டாவது அமர்வில் அவர் எங்கே வேலை செய்தார் என்று விசர்ட்டிடம் கேட்கலாம். மூன்றாவதில், இரவுக் காவல் முடிந்து எல்லோரும் தீயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, டி.எம். சொல்லலாம்: "கடிதத்தை எடு. கடைசி வரியை எங்களுக்குப் படிச்சுக் காட்டு." அவர் சற்று நேரம் யோசிப்பார். மேசை அமைதியாகிவிடும். அந்த அமைதியை யாரும் கலைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் சொல்லும் வரியை அப்படியே, அவருடைய சொற்களிலேயே, எழுதிக்கொள்ள வேண்டும்.